சிரம்பான் விழுந்தால் பெடாஸ்

5 ஏப்ரல் 1999, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். இரண்டாவது மெஷின் எஸ்டேட் ஆபீசில் வந்து இறங்கியது. பழைய ஸ்டோர் அறைதான் அதற்கு இடம். உரச் சாக்கு வாடை இன்னும் போகவில்லை. ஜன்னலில் ஏர்கோன் பொருத்தினார்கள். குளிரைவிடச் சத்தம் அதிகம்.

இனி சுருக்கி எழுதப்போகிறேன், கை வலிக்கிறது. சி. = சிரம்பான் ஹெட் ஆபீசில் என் மேசைக்குப் பின்னால் இருக்கும் மெயில் மெஷின், கம்பெனி ஈமெயிலை வாங்கி வைக்கும் கம்ப்யூட்டர். பெ. = பெடாஸ் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் இன்று வந்தது. மு. = என் வீட்டுக்காரர். எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. இன்றிலிருந்து பெ.-க்குக் காவலும் அவரே. வாயால் பெயர் சொல்வதில்லை, தாளிலாவது ஒரு எழுத்தைச் சொல்லிக்கொள்கிறேன்.

திட்டம் இவ்வளவுதான். கம்பெனிக்கு வரும் மெயில் முதலில் சி.-யைத் தட்டும். சி. பதில் சொல்லாவிட்டால் பெ.-யைத் தட்டும். என் மேலதிகாரி மிஸ்டர் லிம் ஒரே வரியில் கேட்டார்: சிரம்பான் விழுந்தால் யார்? பெடாஸ் என்றேன்.

பெ. சரிவராவிட்டால் இரண்டாவது மெஷின் ஜொகூரில் குளுவாங் கிளைக்குப் போகும். அதைப் பார்த்துக்கொள்ள நானும் போகவேண்டும், ஒரு வருஷம். கல்யாணமான புதிதில் நான் கே.எல்.-இல் (கோலாலம்பூர்), இவர் இங்கே. சனிக்கிழமைப் பெண்டாட்டியாக இருந்தது போதும். ஆகவே பெ. சரிவந்தே தீரவேண்டும்.

வாங்க: வெங்காயம், மீஹூன், நீளமான போன் வயர், சோப்பு.

7 ஏப்ரல், புதன்

வெயில். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, அதிசயம். பின்சீட்டில் ஒரு அம்மா இன்னொருவரிடம்: "மருமவளுக்கு கேஎல்ல வேலையாம். வாரத்துக்கு ஒரு தடவ வந்து எட்டிப் பாத்துட்டுப் போவுது. அது என்னா கல்யாணம் லா." திரும்பிப் பார்க்கவில்லை.

சும்மா கிடக்கும் மெஷின் எதற்கு, இரண்டும் வேலையைப் பகிர்ந்துகொள்ளட்டும் என்றார் லிம். நியாயம்தான். வெளியுலகம் பார்க்கும் பட்டியலில் சி.-க்கும் பெ.-க்கும் ஒரே எண்ணைப் போட்டேன். ஒரே எண் என்றால் அனுப்புகிறவர்களின் மெஷின் இரண்டில் எதையாவது தட்டும்.

தட்டியது. மத்தியானத்துக்குள் எஸ்டேட் மேனேஜரின் மெயில் பாதி சி.-யில், பாதி பெ.-யில். அவர் திறந்து பார்ப்பது பெ.-யை மட்டும். வந்ததெல்லாம் "மேற்படி விஷயமாக" என்றே தொடங்குகிறதாம். மேற்படி எங்கே என்று மு.-வைக் கேட்டிருக்கிறார். மு. எனக்குப் போன் செய்து, நான் சி.-யில் இருந்ததை வாசித்து, அவர் தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்து, திரும்பி வந்து அடுத்த போன். கம்ப்யூட்டர் வந்த பிறகு கிராணிக்குக் கையெழுத்து வேலை கூடிவிட்டது.

கடைசிப் போனில் மு. கேட்டார்: "ஏன் சாந்தா, இது மெயிலா சீட்டாட்டமா? ஆளுக்குப் பாதி பிரிச்சுப் போடுது." எனக்குப் புரையேறியது.

இதை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். எல்லாருடைய மெயில் பெட்டியும் சி.-யிலேயே இருக்கட்டும். சி. படுத்திருக்கும்போது மட்டும் பெ. வாங்கி வைக்கட்டும், அவசரமானதை அங்கே வாசிக்கலாம், சி. எழுந்ததும் மிச்சத்தை ஒப்படைக்கட்டும். பகிர்வாவது மண்ணாவது.

8 ஏப்ரல், வியாழன்

எண்களை மாற்றினேன். சி.-க்குச் சிறியது, பெ.-க்குப் பெரியது. சிறிய எண்ணைத்தான் முதலில் தட்டுவார்கள். ஆனால் உலகம் பழைய பட்டியலை ஒரு நாள்வரை ஞாபகம் வைத்திருக்கும், உடனே மறக்காது. மேனேஜருக்கு இன்றும் "மேற்படி".

சாயங்காலம் மு.-வுக்குப் பாடம். பெ.-க்கு முன்னால் இரண்டு நாற்காலி. எப்போதும்போல அவருடைய வலப்பக்கம் உட்கார்ந்தேன். இடது காது அவருக்குப் பாதிதான் கேட்கும். எங்கள் கல்யாணத்துக்கு முன்னால், லாரி எடை போடும் கொட்டகையில் போனைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தபோது இடி விழுந்தது. கம்பி வழியே வந்து ஆளைத் தூக்கி எறிந்தது. அன்றிலிருந்து எங்கேயோ தூரத்தில் உறுமினால் போதும், டிவி, ரேடியோ, ஐஸ்பெட்டி எல்லாவற்றையும் கழற்றிவிடுவார். கண்ணாடிமேல் துண்டு. போன் பக்கம் யாரும் போகக்கூடாது. கல்யாணமாகி வந்த முதல் மழையில் எனக்கு எரிச்சல். இப்போது துண்டை நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

கெட்டிக்காரர், சொன்னதை ஒரே தடவையில் பிடித்துக்கொள்கிறார். ஒரு மெஷின் இன்னொன்றை "இருக்கிறாயா" என்று கேட்பதைக் காட்டினேன். அது "இருக்கிறேன்" என்று சொன்னால் திரையில் ஒரு வரி வரும். சொல்லும்வரை வரி வரியாக ஓடும்.

"நாள் பூரா இப்படிக் கேட்டுக்கிட்டே இருக்குமா?" என்றார். ஆமாம் என்றேன். "உன்ன மாதிரி." முதுகில் ஒன்று வைத்தேன்.

சார்டின் சம்பல், பயத்தங்காய் பொரியல். உப்பு கூடிப்போச்சு. அவர் சொல்லவில்லை, நான் சாப்பிட்டபோதுதான் தெரிந்தது.

9 ஏப்ரல், வெள்ளி

மத்தியானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஹெட் ஆபீஸ் சட்டம்: இடி கேட்டால் சி.-யின் மோடத்தைப் போன் கம்பியிலிருந்து கழற்ற வேண்டும். போன வருஷம் இரண்டு மோடம் கருகியதிலிருந்து இந்தச் சட்டம். கழற்றினேன். உள்ளுக்குள் ஒரே குஷி. சிரம்பான் விழுந்தாச்சு, இனி பெடாஸ் நிற்கும், லிம் பார்க்கட்டும்.

மழை விட்டு மறுபடி மாட்டினேன். பெ.-யில் ஒரு மெயில்கூட இல்லை. துடைத்துவிட்டதுபோல் காலி. போன் செய்தேன்.

"இடி இடிச்சுச்சு, கழட்டிட்டேன் லா" என்றார் மு. மழைக்குக் கொடித் துணியை எடுத்து உள்ளே போட்டதைச் சொல்வதுபோல, நல்ல பிள்ளையாக.

அங்கே அவர் கழற்றியிருக்கிறார், இங்கே நான் கழற்றியிருக்கிறேன். ஒரே மழை, இரண்டு புத்திசாலிகள். எங்கள் எஸ்டேட்டின் செம்பனை எண்ணெய் வாங்கும் கம்பெனிகள் அனுப்பியதெல்லாம் இரண்டு கதவையும் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. அப்புறம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது, எதுவும் தொலையவில்லை. ஆனால் லிம் காத்திருந்த ஒரு பதில் அவர் வீட்டுக்குக் கிளம்பிய பிறகுதான் வந்தது.

கோபம் கோபமாக வந்தது. அவர்மேல் இல்லை. ஆனாலும் அவரிடம்தான் கத்தினேன். பஸ் இறங்கும் சிம்பாங் முச்சந்தியில் மோட்டார் சைக்கிளுடன் நின்றார், கையில் எனக்கு ரெயின்கோட். நின்ற இடத்திலேயே ஆரம்பித்தேன். வலது காதுப் பக்கமாகப் போய் நின்று கத்துகிறோம் என்று நடுவில் உறைத்தது. அதற்குமேல் கத்த வரவில்லை.

12 ஏப்ரல், திங்கள்

லிம் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாத ஆள், அதுதான் பயம். கம்பி எப்போது செத்துப்போகிறது, இடி மழையில்தானே. வெயிலில் மட்டும் வேலை செய்கிற மாற்று எனக்கு எதற்கு என்று கேட்டார்.

இந்த வாரம் இடி வருகிற நாளில் சோதனை. அவர் பக்கத்தில் நின்று பார்ப்பார். சி.-யைக் கழற்றுவோம், பெ. நிற்கவேண்டும். மோடம் கருகினால் கருகட்டும். நின்றால் பெடாஸ், நிற்காவிட்டால் குளுவாங்.

இடியைத் தடுக்கும் பெட்டி ஒன்று கேட்டேன். வாங்கு என்றார். கடைக்காரர் நேர்மையான மனிதர். சின்னதைத் தாங்கும், பக்கத்தில் விழுந்தால் தாங்காது என்றார். போன வருஷம் கருகிய இரண்டு மோடத்திலும் இதே பெட்டிதான் இருந்தது.

மோடத்தை மாட்டிவைத்துவிட்டு மு. வெளியே போய் நிற்கலாமே என்று பஸ் முழுக்க யோசித்தேன். முடியாது. எஸ்டேட்டில் இடி என்றால் கரண்ட் போய்ப் போய் வரும், கம்பியும் விட்டுவிட்டு வரும். ஒவ்வொரு தடவையும் மோடத்தை அணைத்து ஏற்ற வேண்டும். ஆள் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், கையை அதன்மேல் வைத்துக்கொண்டு, போன் கம்பிக்குப் பக்கத்தில். அந்த ஆள் மு.

செய்ய:
பெட்டி மாட்ட.
பெ.-யில் தேதி தப்பாக ஓடுகிறது, திருத்த.
பக்கத்து வீட்டு பாலாஜி அண்ணனுக்கு டிபன் கேரியர் திருப்பிக் கொடுக்க.
மு.-விடம் சொல்ல. (சொல்லவில்லை.)

14 ஏப்ரல், புதன்

புது வருஷம். அரை நாள் லீவு. கோயிலில் கூட்டம், செருப்பு மாறிப்போச்சு, வந்தது என்னுடையதைவிட நல்ல செருப்பு. பாயசம் அடிப்பிடித்துவிட்டது. மு. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார், பொய்யர்.

சொல்லிவிட்டேன். வாசலில் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். சோதனை, லிம், குளுவாங், எல்லாம் கொட்டினேன். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"இந்த ஒரு தடவ கழட்டல. நீ குளுவாங் போவ வேணாம்."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. எனக்குக் குளுவாங் போகப் பிடிக்கவில்லை. அவர் இல்லாத வீட்டில் விளக்குப் போட்டுக்கொண்டு ஒற்றைத் தட்டில் சாப்பிடப் பிடிக்கவே இல்லை.

இன்னொன்றும் எழுதிவைக்கிறேன், யார் பார்க்கப்போகிறார்கள். இரண்டு மெஷினும் ஒரே மேகத்துக்குக் கீழே இருக்கக்கூடாது. முதல் நாளே எனக்குத் தெரியும், இது பாலர் பாடம். லிம்முக்குக் கொடுத்த தாளில் பெடாஸ் என்று போட்டு, பக்கத்தில் இருப்பதால் பராமரிக்க எளிது என்று காரணம் எழுதினேன். பக்கத்தில் இருக்கவேண்டும் என்று நான் நினைத்தது மெஷினை இல்லை.

16 ஏப்ரல், வெள்ளி

காலையில் நல்ல வெயில். தப்பித்தோம் என்று நினைத்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு ரெம்பாவ் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு ஏறியது. முதலில் பெடாஸ் பக்கம், அப்புறம் எங்கள் சிரம்பான் பக்கம்.

லிம் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். திரையில் சி. கேட்டுக்கொண்டிருந்தது, பெ. சொல்லிக்கொண்டிருந்தது. இருக்கிறேன். இருக்கிறேன். இருக்கிறேன். பிறகு வரி நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி வந்தது. நின்றது. வந்தது. லிம் நன்றாயிருக்கிறது என்று தலையாட்டினார். அவருக்கு அது கம்பி விட்டு வருவது. எனக்கு ஒவ்வொரு நிறுத்தமும் மு.-வின் கை. ஒவ்வொரு தடவையும் அந்தக் கை மோடத்துக்குப் போகிறது, பொத்தானை அமுக்குகிறது, போன் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

எங்கள் தலைக்குமேலும் உறும ஆரம்பித்தது. சி.-யைக் கழற்று என்றார் லிம். கம்பியில் கையை வைத்தேன். கழற்றினால் மு.-வோடு பேச வழியில்லை. போன் செய்ய முடியாது, இடியில் அவர் எடுக்கக்கூடாது, எடுக்கவைப்பவள் நானாக இருக்கக்கூடாது.

கையை எடுத்துவிட்டு உட்கார்ந்து தட்டினேன். ஆங்கில எழுத்தில் தமிழ்: சோதனை இல்லை. உடனே கழட்டுங்க. ரூமை விட்டு வெளிய போங்க. சாந்தா.

அனுப்பினேன். இருக்கிறேன் என்று ஒரு வரி. இன்னொரு வரி. போங்களேன், போய்த் தொலையுங்களேன் என்று திரையைப் பார்த்து வாய்விட்டே சொன்னேன். லிம்முக்குத் தமிழ் தெரியாது, நல்ல வேளை. அப்புறம் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறமாதிரி ஒன்று இடித்தது. திரையில் வரி நின்றது. நின்றது நின்றதுதான்.

கழற்றினாரா, விழுந்துவிட்டதா? திரையில் இரண்டும் ஒன்றுதான். அது சொல்லாது.

சி.-யையும் கழற்றினேன். லிம்மிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நிறுத்தச் சொன்னது நான், மு. இல்லை. அந்த அறையில் இருப்பது என் வீட்டுக்காரர். பெடாஸ் என்று எழுதியது தப்பு, சரியான இடம் குளுவாங், எழுதும்போதே தெரியும். மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தனக்கும் அப்போதே தெரியும் என்றார். கல்யாணமாகி நாளாகவில்லை, ஒரு தடவை முயன்று பார்க்கட்டும் என்று விட்டாராம். மழை விடும்வரை கூடவே உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை விட்டது. போன் அடித்தது. நான் எடுப்பதற்குள் லிம் எடுத்து, கேட்டுவிட்டு, என்னிடம் நீட்டினார்.

"கழட்டிட்டேன். கோழிக் கொட்டாய்ல போய் நின்னேன், பூரா நனஞ்சிட்டேன். நீ ஏன் அழுவுற?"

17 ஏப்ரல், சனி

வானம் கழுவி விட்டதுபோல. மு.-வுக்குச் சளி. இஞ்சிக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன், முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார்.

அந்த இடி எஸ்டேட் ஆபீசுக்குப் பின்னால் இருந்த தென்னையில் விழுந்திருக்கிறது. ஆபீஸ் பையன் வந்து காட்டினான், நடு உச்சி கருகிப்போய் நிற்கிறது. மோடத்தைக் கழற்றி அவர் வாசப்படி தாண்டியபோது விழுந்ததாம்.

முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, பலகை முக்காலியில், இடது காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். பாதி கேட்கிற காதுக்கு எதற்குப் பஞ்சு என்று கேட்டேன். அந்தக் காதுதான் பயப்படும் என்றார்.

பிறகு கஷாயத் தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ எழுதலன்னா கழட்டிருக்க மாட்டேன். பயத்துல செத்திருப்பேன், ஆனா கழட்டிருக்க மாட்டேன்."

அதற்குத்தான் எழுதினேன் என்று சொன்னேன். இந்த ஆளை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அவரிடம் இதுவரை சொன்னதில்லை. இன்று சொன்னேன். வலது காதில். அவருக்கு வெட்கம், எழுந்து போய் மோட்டாரைத் துடைத்தார்.

23 ஏப்ரல், வெள்ளி

ஆர்டர் வந்துவிட்டது. மெஷின் குளுவாங்குக்கு, நானும் குளுவாங்குக்கு. ஒரு வருஷம்.

சிரம்பானில் சி.-யை யார் பார்ப்பது? லிம் நேற்றே எஸ்டேட் மேனேஜருக்குப் போன் செய்திருக்கிறார். மு. இனி ஹெட் ஆபீசில், என் நாற்காலியில். இவரை ஏன் என்று யாரோ கேட்டதற்கு, இடி இடித்தால் கழற்ற மறக்காத ஆள் எனக்கு வேண்டும், அப்படி ஒருத்தர்தான் இருக்கிறார் என்றாராம். ஆபீசே சிரித்ததாம். மு.-வுக்கு உள்ளூரப் பெருமை. நாளைக்குப் போட வேண்டிய சட்டைக்கு இன்றைக்கே இஸ்திரி போடுகிறார்.

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. சட்டையில் பட்டன் தைத்துக் கொடுத்தேன்.

ஒரு சட்டம் போட்டிருக்கிறோம், எங்கள் இருவருக்குள். யார் கழற்றினாலும் கழற்றுவதற்கு முன்னால் மற்றவருக்கு ஒரு வரி. சொல்லாமல் கழற்றக்கூடாது. மீறினால் பேச்சு வார்த்தை கிடையாது.

2 மே, ஞாயிறு

மழை இல்லை. மூட்டை கட்டினோம். கட்டியது அவர், நான் உட்கார்ந்து குறை சொன்னேன்.

பாய். தலையணை ஒன்று (இரண்டு வைத்தார், ஒன்றை எடுத்தேன், திரும்ப வைத்தார்). சம்பல் போத்தல். குடை. சின்ன அம்மிக்கல் வேண்டாம் என்றேன், வைத்துவிட்டார். கண்ணாடி, அதைச் சுற்றித் துண்டு. துண்டை அங்கே எதற்கு என்று கேட்கவில்லை.

பஸ்ஸில் சண்டை போட்டுக்கொண்டே போனோம், தாம்பின் தாண்டும்வரை. எதற்கென்று ஞாபகமில்லை. அதற்கப்புறம் அவர் என் தோளில் தூங்கிவிட்டார்.

20 மே, வியாழன், குளுவாங்

வெயில். ஒரு மேகம்கூட இல்லை. வீட்டுக்காரம்மா பின்கட்டு அறைக்குப் புது பல்பு போட்டுக் கொடுத்தார். மீன் வாங்கவில்லை, ஒருத்திக்கு எதற்கு. செருப்பு அறுந்துபோச்சு.

இங்கே மெஷினுக்கு வேலையே இல்லை. சிரம்பான் விழாமல் நிற்கிறது, எனக்கு என்ன வேலை. காலையிலிருந்து திரையில் அதே வரி. இருக்கிறேன், இருக்கிறேன். பக்கத்து மேசைப் பெண் கேட்டது: "அக்கா, ஒன்னும் வராத ஸ்க்ரீன அப்படி என்னா பாக்குறீங்க?" சும்மாதான் என்றேன்.

நாலு மணிக்கு அவரிடமிருந்து மெயில். இங்க இடி. கழட்டுறேன். இனி நீ பாத்துக்க.

வரி நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு என் மோடத்தின் பச்சை விளக்கு சிமிட்டியது. கம்பெனி மெயில் எல்லாம், ஒன்று, இன்னொன்று, அடுத்தது, என்னிடம் வர ஆரம்பித்தது.